கடலுக்குப் போன செய்தி

சிவப்பாக இருந்த ஒரு வரி என் கண் முன்னால் பச்சையாக மாறியது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில், என் மேசைக் கம்ப்யூட்டரில், ஒரு மத்தியானம். யாரோ ஒருவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடக்கிறது, இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் என்பதற்கான சிவப்பு அது. ஓரத்தில் 'எச்சரிக்கை அனுப்பப்பட்டது' என்று எழுத்து வந்தது. உடனே வரி பச்சையாகிவிட்டது.

அந்த ரத்தம் மீன்காரக்காவுடையது. எனக்கு அது அப்போது தெரியாது. அக்கா காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போவார். கிட்னி பழுது என்பதால் டாக்டர் மாதாமாதம் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, ஐஸ் தண்ணீரில் சுருங்கிப்போன கையை நீட்டுவார். "இன்னா ப்ளட்டு பொண்ணு, போன மாசம் எட்த்ததே இன்னும் ஊறல, அதுக்குள்ள கேட்டுகினு கீறே" என்பார். ஊசி குத்தும்போது முகம் சுளிக்க மாட்டார். அவர் போன பிறகும் நாற்காலியில் வஞ்சிர வாசனை இருக்கும். சங்கரா மலிவாக இருக்கிற நாளில் எனக்கென்று இரண்டு எடுத்து வைப்பார். வேண்டாம் என்றால், "ரத்தத்த எட்த்துக்கிறே, மீன எட்த்துக்க மாட்டியா" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

புது சிஸ்டம் வருவதற்கு முன்னால் எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபத்தான ரிசல்ட் வந்தால், குழாயில் ஒட்டியிருக்கும் பேரைப் பார்ப்போம், துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்கு போன் போடுவோம். அங்கே எடுப்பவர் வெளியே வந்து அந்தப் பேரைக் கத்துவார். மீன் விற்கிற வரிசையில் ஒருத்தி கேட்டு அடுத்தவளுக்குக் கத்துவாள். கடைசிக் கூடை வரைக்கும் பேர் போய்ச் சேரும். கொஞ்ச நேரத்தில் ஆள் மூச்சு வாங்க வந்து நிற்கும். யாரும் இதை எழுதி வைத்த முறையில்லை. ஆனால் ஒரு தடவைகூட அது தவறியதில்லை.

சிஸ்டத்தையே திட்ட எனக்கு மனசு வராது. முன்னெல்லாம் குழாய் மாறும், கையெழுத்து புரியாது, ஒருத்தர் சர்க்கரை இன்னொருத்தர் தலையில் ஏறும். பார்கோடு வந்த பிறகு அந்தப் பேஜாரெல்லாம் ஒழிந்தது. என் கோபமெல்லாம் அதைக் கொண்டுவந்த மேனேஜர் மேலேதான். வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர். பேர் தெரிந்தால் வேண்டியவர்களுக்கு முன்னால் செய்து கொடுப்போமாம், அதனால் எங்கள் திரையில் வெறும் நம்பர்தான். ஐஸ் கம்பெனிக்கு போன் போடுவது ஒழுங்கில்லையாம், அதனால் எங்கள் மேசையிலிருந்த போனைப் பிடுங்கிவிட்டார். பதிவு செய்த செல்போனுக்குத் தானாகச் செய்தி போய்விடும் என்றார். சாயங்காலம் எல்லா வரியும் பச்சையாக இருக்க வேண்டும், அதுதான் அவருக்கு வேதம்.

முதல் நாளே அவரிடம் சொன்னேன். இந்தப் பக்கம் பொம்பளைகள் கொடுக்கிற நம்பர் அவர்களுடையது இல்லை சார். கேஸ் சிலிண்டருக்கு, ரேஷனுக்கு, பேங்க்குக்கு, எல்லாத்துக்கும் வீட்டு ஆம்பளை நம்பர்தான். அந்த ஆம்பளை போட்டில் இருப்பான். கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே அந்த நம்பர் செத்த நம்பர். மீன்காரக்காவே கேஸ் புக் செய்துவிட்டு, மகன் கரைக்கு வந்து அவன் போனுக்கு வந்த ஓடிபி இலக்கத்தைச் சொல்லும் வரைக்கும் விறகு எரித்த கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும்மா, டேட்டா க்ளீனா இருக்கு" என்றார். கட்டம் நிரம்பினால் போதுமா, காதில் விழ வேண்டாமா? கேட்டேன்.

அந்த மத்தியானம் நான் சும்மா இருக்கவில்லை. குழாயில் ரத்த அணுக்கள் உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை; மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே அளவு. நேராக மேனேஜர் அறைக்குப் போய், பேரை மட்டும் சொல்லுங்கள், நானே தேடிப் போகிறேன் என்று கேட்டேன். "மெசேஜ் போயிடுச்சும்மா. பச்சை ஆயிடுச்சு பாருங்க. முடிஞ்ச வரியைத் திறக்க முடியாது" என்றார். ரிசப்ஷன் பெண்ணிடம் ஓடினேன். அவள் திரையிலும் அது பூட்டிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த குழாயை எடுத்தேன். வேறென்ன செய்ய முடியும், ஊரில் எத்தனை கையில் ஊசி குத்தியிருக்கிறேன், எதைத் தேடுவது.

மறுநாள் காலையில் மீன்கார அம்மாக்கள் இரண்டு பேர் வாசலில் நின்று சொன்னார்கள். விடியற்காலையில் ஏலத்துக்குக் கிளம்பக் கூடையைத் தூக்கிய அக்கா அப்படியே உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. வூட்டில் கிடத்தியிருக்கிறார்கள், மகன் இன்னும் கரை ஏறவில்லை. நேற்றைய அந்த வரி அக்காவுடையது என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்த மகன் வந்தான். போட்டிலிருந்து குதித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக லேபுக்கு ஓடி வந்திருந்தான். உடம்பெல்லாம் டீசல், உப்பு. கையில் செல்போன். "யக்கா, கரை தெரிஞ்சப்பதான் சிக்னலு வந்துது. அம்மாவ உடனே டாக்டராண்ட காட்டணும்னு போட்டுக்கீது. வூட்லேர்ந்தும் நெறைய மிஸ்டு கால் கீது, இதுக்குத்தான் போல. எந்த ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டும்?" என்றான். நான் வாயைத் திறக்குமுன் மேனேஜர் வெளியே வந்தார். விஷயம் என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பி, "நேத்தே கரெக்டா அனுப்பிட்டோம் தம்பி, பாருங்க" என்று அந்தப் பச்சை வரியைத் தொட்டுக் காட்டினார்.

அம்மா போய்விட்டார் என்று அந்தத் திரைக்கு முன்னால்தான் நான் அவனுக்குச் சொன்னேன். அவன் அழவில்லை. செல்போனைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். பிறகு என்னைத்தான் கேட்டான். "நான் கடல்ல கீறேன்னு அம்மாவுக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். அப்ப இத்த யாருக்குக்கா அனுப்ச்சீங்க?"

அன்றைக்கே நான் அந்த வேலையை விட்டேன். மேனேஜர் அண்ணாநகர் பக்கம் பெரிய கிளைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. நன்றாக இருக்கட்டும். இப்போது நான் விம்கோ நகரில் வேறொரு லேபில் இன்சார்ஜ். இங்கேயும் அதே மாதிரி சிஸ்டம்தான், செய்தி போனதும் வரி தானாகப் பச்சையாகத்தான் வந்தது. அதை மாற்றச் சொன்னேன். நோயாளியோ பக்கத்தில் இருப்பவரோ கேட்டுக்கொண்டார்கள் என்று எங்களில் ஒருத்தர் சொல்லும் வரைக்கும் அது பேரோடு சிவப்பாகவே நிற்க வேண்டும். அப்படி ஒரு வழியே மென்பொருளில் கிடையாது மேடம், சாயங்காலம் கணக்கு அசிங்கமாகத் தெரியும் என்றான் கம்பெனி ஆள். தெரியட்டும் என்றேன். வழி பண்ணிக் கொடுக்கும் வரைக்கும் அவனை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஒரு வரி சிவப்பாகவே நின்றது. பேர் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.