பனிவண்டி வராத தெரு

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஒட்டாவாவில் மகள் வீட்டிலிருந்து கிளம்பினோம். கிளம்பினோம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். அந்த ஊர்க் குளிரில் வாசற்படி தாண்டுவதே ஒரு வேலை. கையுறை மாட்டினால் ஜிப்பை இழுக்க முடியாது. ஜிப்பை இழுத்துவிட்டால் குனிந்து பூட்ஸ் போட முடியாது. பூட்ஸைப் போட்டதும் எனக்குச் சிறுநீர் முட்டும். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அன்று இரண்டு முறை கழற்றினேன். மகள் பத்மா வெளியே காரின் மேலிருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி கோமளா கம்பளிக் கால்சட்டை, அதன்மேல் புடவை, அதன்மேல் கோட்டு என்று எனக்கு வெகுநேரம் முன்பே தயாராகி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் இது வேண்டியிருக்கும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று மாதமாகச் சமையலறை ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்ததோடு சரி, கோமளா எங்கும் போகவில்லை. அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றுதான். குதிரை இழுக்கும் பனிவண்டியைப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்குப் பதில் அடியில் இரண்டு இரும்புச் சட்டங்கள் வைத்து, பனிமேல் வழுக்கிக்கொண்டு போகிற வண்டி அது. ஒரு பண்ணைக் கிராமத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் அவை ஊர்வலமாகப் போகும் என்று பத்மா தேடிக் கண்டுபிடித்தாள். அடுத்த புதன்கிழமை எங்களுக்கு விமானம். விட்டால் வேறு நாள் கிடையாது.

அறுபத்திரண்டு கிலோமீட்டர். காருக்குள் வெந்துகொண்டே போனோம். கதவைத் திறந்தால் பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு. வயலில் கார் நிறுத்தப் பத்து டாலர். ஆறிப்போன சாக்லேட் பால் நான்கு டாலர். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் கைக்கும் தெரியவில்லை, மூக்குக்கும் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு ஊர்வலம் தேவாலய வாசலிலிருந்து புறப்படும். நாங்கள் போனபோது சாலையோரம் இரண்டு மூன்று வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள்.

“அப்பா, போர்டுல மேப் போட்டுக்குது பாரு. இங்க ஸ்டார்ட், பிரிட்ஜ தாண்டி ஃபார்ம்ல எண்டு. அவ்ளோதான். இங்கயே பூந்து நின்னுக்கலாம்பா.”

“எனக்கு மேப்பு காட்றியா? முப்பது வருஷம் ஜியாகரபி நடத்தினவன்மா நானு.”

அந்தப் பலகையை நான் படிக்கவே இல்லை. எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் கோயிலைவிட்டுப் புறப்பட்டால், தெருத் தெருவாகப் போய், மண்டகப்படி வைத்த இடத்திலெல்லாம் நின்று, திரும்பக் கோயிலுக்கே வருவார். வாசலில் நசுங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். எந்த மூலையில் நின்றால் பெருமாள் நம் எதிரில் நின்று போவார் என்று தெருக்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள். கோயில் வாசலில் புறப்படுவது எதுவானாலும் சுற்றிக்கொண்டு வந்தே தீரும் என்று எனக்கு அப்படி ஒரு நிச்சயம். இருவரையும் தேவாலயத்தின் பின்தெருவுக்கு அழைத்துப் போனேன்.

“ஒரு ஆளக்கூட காணமே இங்க?” என்றாள் கோமளா.

“அதான் நல்ல எடம்.”

“நல்ல எடம்னா ஒரு நாயாவது நிக்குமேங்க.”

சொன்ன நேரத்துக்கு மணிச்சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்குப் புறப்படுகிற ஊர்வலத்தை நான் கண்டதில்லை. அதிலேயே எனக்கு எரிச்சல். குதிரைக் கழுத்து மணிகள் கூட்டமாகக் குலுங்கின. சத்தம் எங்களை நோக்கி வராமல் விலகிப் போனது.

“போய்க்கினே இருக்குதுங்க.”

“சுத்திக்கினு வரும். பொறு.”

பொறுத்தாள். கால் மரத்துப்போய் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு பொறுத்தாள். பத்மா இரண்டு முறை கூப்பிட்டாள், நான் நகரவில்லை. கடைசியில் வாசல் பனியை வாரித் தள்ள வெளியே வந்த ஒரு பெண்மணி, ஊர்வலம் முடிந்துவிட்டதே, இங்கே யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். “முன்னாடி எடம் கெடச்சிருந்தா நான் ஏன் இங்க வரேன்? பொடவைய சுத்திக்கினு இவ லேட் பண்ணா, எடம் போச்சு,” என்றேன்.

“ஏம்மா, அந்தப் பேன்ட்டோடவே வந்திருக்கலாமில்ல?” என்றாள் பத்மா.

கோமளா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

பாலம் தாண்டிப் பண்ணைக்கு ஓடினோம். பன்னிரண்டு வண்டிகள் காலியாக நின்றன. குதிரைகளை அவிழ்த்துப் போர்வை போர்த்திவிட்டிருந்தார்கள். முதுகிலிருந்து ஆவி எழும்பியது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகள் கோமளா. கையுறையைக் கழற்றி ஒரு போர்வையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

“கரைய கோத்து நெய்யல. தனியா தச்சு ஒட்டியிருக்கான்,” என்றாள் பத்மாவிடம்.

ஊருக்கு வந்த மறுநாள் எதிர்வீட்டுச் சரிகை வியாபாரி பாய் வந்தார். “பனியில குதிரைவண்டி பாத்தீங்களாமேமா, எப்பிடி இருந்துது?”

“பன்னெண்டு வண்டி பாய். அந்த மணிச்சத்தம் இன்னும் காதுலயே இருக்குது,” என்றாள் கோமளா.

இரண்டும் பொய்யில்லை. அவர் போன பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அன்னிக்கி லேட் பண்ணது நான்தான், கோமளா,” என்றேன்.

“அத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான்தான் அங்க உக்காந்துக்கினு இருந்தேனே. பத்மாகிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். தொலைபேசியில் பத்மா கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு, “அம்மாகிட்ட குடுப்பா,” என்றாள்.

வைகாசியில் கருட சேவை வந்தது. எங்கே நிற்கலாம் என்று கோமளாவைக் கேட்டேன். கோபுர வாசல் என்றாள், கூட்டத்தின் நடுவே. விடியலில் போய் நின்றோம். யாரோ என் காலை மிதித்தார்கள், யாரோ விலாவில் இடித்தார்கள். பெருமாள் வாசலைத் தாண்டி வெளியே வந்ததைக் கோமளா முழுதாகப் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். எனக்குக் குடை மட்டும் தெரிந்தது.