அவர் மன்னிப்புக் கேட்கவே இல்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் விடுமுறை முடியாத ஒரு வாரம். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ரக்பி லீக் முகாம் நடந்தது. நான் விளையாடப் போகவில்லை, மொழிபெயர்க்கப் போனேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். அப்பாவும் அம்மாவும் சுசீந்திரம் பக்கம் வயல் வேலை செய்கிறவர்கள். நான் நாகர்கோவிலில் ஆங்கில இலக்கியம் படித்து முடித்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரில் சொல்வார்கள். அதை மற்றவர்களைவிட நான் அதிகமாக நம்பினேன்.

பயிற்சியாளர் இங்கிலாந்துக்காரர். இந்த ஆட்டம் அதிகம் பரவாத சின்ன நாடுகளில் அதை வளர்க்க வந்தவர். வளைகுடாவில் அப்படிப்பட்ட நாடுகளுக்கான போட்டி ஒன்று வரவிருந்தது. சின்ன நாட்டு அணிகளில் பாதிப்பேர் தாத்தா பாட்டி பிறந்த நாடு என்ற உரிமையில் ஆடுகிற வெளிநாட்டுக்காரர்களாகவே இருப்பார்களாம். இந்த மண்ணிலேயே வளர்ந்த நாலு பேரையாவது அணியில் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நான் 'சின்ன நாடு' என்று மொழிபெயர்த்ததும் கூட்டத்தில் ஒருவர், "இவ்வளவு சனத்த வச்சிக்கிட்டு நாம சின்ன நாடா மக்கா? அந்த ஆளுக்கு வடசேரி பஸ் ஸ்டாண்ட ஒருக்கா காட்டிக் குடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்படிச் சொன்னவர் பக்கத்துக் கடற்கரை ஊரான இனயத்துக்காரர். கடலுக்குப் போகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கபடியில் அவர் கையில் சிக்கினால் தப்ப முடியாது என்றார்கள். போட்டி நடக்கப்போகும் அதே ஊரில் அவருடைய அண்ணன் ஒரு அரபியின் படகில் வேலை செய்தார். நாலு வருடமாக லீவு இல்லை. "அவன் அங்க வள்ளத்துல நிக்கான். நான் நெஞ்சுல நாட்டுப் பேர எழுதிப் போட்டு அவன் முன்னால ஓடணும், கேட்டியா" என்று என்னிடம் சொன்னார். அண்ணனிடம் போனிலும் சொல்லிவிட்டிருந்தார்.

ஆட்டம் இதுதான். பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்த வேண்டும். அவன் அசைய முடியாமல் ஆனதும் நடுவர் 'ஹெல்ட்' என்று சத்தம் போடுவார். பிடிபட்டான், முடிந்தது என்று அர்த்தம். உடனே கையை எடுத்துவிட வேண்டும். அவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவான், ஆட்டம் தொடரும்.

முதல் நாள் காலையில் பயிற்சியாளர் இதைச் சொன்னபோது என் காதில் விழுந்தது 'ஹோல்ட்'. அதாவது, பிடி. அவர் வார்த்தைகளை விழுங்கி விழுங்கிப் பேசினார். மீதி எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கலாம். நாற்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நடுவர் சத்தம் போட்டதும் பிடிய இன்னும் இறுக்கணும். அவன் எந்திரிக்கக் கூடாது" என்றேன். எல்லோரும் கபடி ஆடியவர்கள், அதனால் சரிதான் என்று தலையாட்டினார்கள். அன்று காலை ஓட்டமும் பந்து வீசுவதும்தான் நடந்தன. என் தப்பு வெளியே வரவில்லை.

மத்தியானம் இனயத்துக்காரர் கடலுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அதன் பிறகுதான் அச்சடித்த விதிகளை என் கையில் கொடுத்தார்கள். படித்ததும் என் தப்பு புரிந்தது. இருந்தவர்களைக் கூப்பிட்டு, "ஒரு விதிய மாத்தியிருக்காங்க. சத்தம் கேட்டதும் விட்டுரணுமாம்" என்றேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் தேர்வு ஆட்டம். அணிகள் பிரிந்து நின்ற பிறகுதான் இனயத்துக்காரர் கடலிலிருந்து நேராக ஓடிவந்து சேர்ந்தார். அவரைக் கண்டதும் எனக்கு ஞாபகம் வந்தது. அரை நிமிடம் போதும், போய்ச் சொல்லியிருக்கலாம். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அவர் பிடித்த பிடியில் முதல் ஆள் வேரோடு சாய்ந்தான். பயிற்சியாளர்தான் நடுவர். அவர் "ஹெல்ட்" என்று கத்தினார். இவர் இறுக்கினார். தண்டனை கொடுத்தார்கள். இரண்டாவது தடவையும் அதேதான். விதி தெரிந்தும் முரண்டு பிடிக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மூன்றாவது தடவை பத்து நிமிடம் வெளியே உட்கார வைத்தார்கள், அப்போதும் நான் பக்கத்தில் போகவில்லை. உள்ளே வந்ததும், தான் சரியாகப் பிடிக்கவில்லை போல என்று நினைத்தாரோ என்னவோ, சத்தம் கேட்டதும் இன்னும் பலமாக இறுக்கினார். பயிற்சியாளர் அவரை ஆட்டத்தை விட்டே அனுப்பிவிட்டார்.

அவர் நேராக என்னிடம் வந்தார். "நீ பறஞ்சதத்தான நான் செய்யுதேன்? பின்ன எதுக்கு இந்த ஆளு சத்தம் போடுதான்?"

பின்னாலேயே வந்த பயிற்சியாளர், என்ன சொல்கிறான் என்று என்னிடம் கேட்டார்.

நான் தடுமாறவே இல்லை. நல்ல ஆங்கிலத்தில், "செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.

பயிற்சியாளர் அவர் தோளில் தட்டிவிட்டுக் கையிலிருந்த தாளில் எழுதினார். பலசாலி, சொன்னால் கேட்பதில்லை. நான் பார்த்தேன். இனயத்துக்காரரிடம் திரும்பி, "உங்க பிடி ரொம்ப முரட்டுத்தனமா இருக்குதாம் அண்ணே" என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். அவர், "எனக்க மண்டைக்கு இதெல்லாம் ஏறல்ல, விடு" என்று சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

தேர்வானவர்கள் பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை. அன்றே பயிற்சியாளருக்கு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதினேன், ஆனால் அனுப்பவில்லை. மூன்று மாதம் கழித்து, போட்டியும் முடிந்த பிறகுதான் அனுப்பினேன். அடுத்த முகாமுக்கு அவரை வரச்சொல், அதற்கு முன்னால் போய் நடந்ததை அவரிடம் சொல் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

இனயத்துக்கு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார்.

"அப்ப நான் பொட்டன் இல்ல, அப்படியா?"

பொட்டன் என்றால் அந்தப் பக்கத்தில் முட்டாள். தேர்வு ஆட்டத்துக்குப் பிறகு கபடிக்குக்கூடப் போவதை நிறுத்திவிட்டாராம். ஒரு சின்ன விதி தலையில் நிற்காதவன் எதற்கு லாயக்கு என்று நினைத்தாராம். பிறகு உள்ளே பார்த்து, "ஏட்டி, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "சாரே, நீ எனக்கிட்ட சொன்னத இவகிட்டயும் ஒருக்கா சொல்லு."

சொன்னேன். அந்த அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கழிச்சுவிட்டுட்டாங்கன்னு இவரு அண்ணன்கிட்ட சொல்லவே இல்ல. வெக்கம். அந்த மனுசன் போட்டி அன்னைக்கு முதலாளி காலப் பிடிச்சு லீவு வாங்கிப் போயி, ஆட்டம் முடியிற வரைக்கும் இவரத் தேடிட்டே இருந்திருக்காரு."

இனயத்துக்காரர் போனை எடுத்து அண்ணனுக்கு அடித்து என் கையில் கொடுத்தார். மூன்றாவது தடவையாகச் சொன்னேன். படகுச் சத்தத்துக்கு நடுவே அண்ணன், "அவனுக்கு விளையாடத் தெரியும், இல்லியா?" என்று கேட்டார். நல்லாத் தெரியும் என்றேன். "சரி, அது போதும்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த முகாமுக்கு அவர் வரவில்லை. கூப்பிடப் போன என்னிடம், கபடிக்குத் திரும்பிவிட்டேன், அது போதும் என்றார். நான் இப்போதும் மொழிபெயர்க்கப் போகிறேன். புரியாத இடத்தில், எத்தனை பேர் இருந்தாலும், புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டுவிடுகிறேன். ஆனால் மூன்று மாதம் ஒரு மனிதர் தன்னையே முட்டாள் என்று நம்பிக்கொண்டு கடலுக்குப் போய் வந்தாரே, அந்த நாட்களில் ஒன்றைக்கூட என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.