சூரியனுக்கு எதிரே ஒரு நாற்காலி

ஆகஸ்ட் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சேலம் சூரமங்கலத்திலிருந்து புறப்பட்டோம். வாடகைக் கார், ஓட்டுநர் குமரேசன், பின் இருக்கையில் என் மனைவி சரோஜா, அவள் மடியில் ஒரு கைப்பை. கைப்பைக்குள் கிரகணம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டு, அட்டைச் சட்டம் போட்டவை. கிரகணம் என்னவோ அடுத்த ஆண்டு இதே தேதியில்தான். ஓராண்டுக்கு முன்பே கிளம்பிவிட்டீர்களா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளிமையானது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில், ஒரே நேரத்தில் சூரியன் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கும். எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்ய இன்றைய மாலையைவிட நல்ல ஒத்திகை கிடையாது. முப்பது வருடம் ரயிலில் கார்டாக வேலை பார்த்தவன் நான். வண்டி வருவதற்கு முன்னால் நடைமேடையில் இருப்பதுதான் எனக்குப் பழக்கம்.

முழுச் சூரிய கிரகணம் எகிப்துக்கும் அரேபியாவுக்கும்தான். நமக்கு மாலையில், வெயில் மேற்கே சாயும் நேரத்தில், ஓரத்தில் ஒரு கடி கடித்த மாதிரி மட்டும் தெரியும். துபாயில் இருக்கும் மகள் எகிப்துக்கே கூட்டிப்போகிறேன் என்றாள். சரோஜா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

“அத்தனை தூரம் போயிப் பாக்கறதுக்கு எனக்கு அங்க என்ன சாமி இருக்குது? நம்மூருச் சூரியனைத்தான் என்னைய ஒருநாளும் பாக்க உடல. அதைத்தான் பாக்கோணும்.”

அவள் சொன்னது உண்மை. திருச்செங்கோட்டுப் பக்கம் அவள் பிறந்த காட்டு வீட்டில், கிரகணம் என்றால் கதவைச் சாத்தி, சன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்துவிடுவார்களாம். கல்யாணமாகி ரயில்வே குடியிருப்புக்கு வந்த பிறகும் அதே கதைதான், சாக்குக்குப் பதில் போர்வை. 2019 டிசம்பரில் கிரகணம் வந்தபோது நான் பணியில் இருந்தேன், ஸ்டேஷன் ஊழியர்களோடு நடைமேடையில் நின்று பார்த்தேன். அவள் வீட்டுக்குள் என் அம்மாவுக்குத் துணையாக இருந்தாள். அறுபத்திரண்டு வயதாகிவிட்டது, ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், மாடிப்படி ஏறி இரண்டு வருடமாகிறது. ஆகவே இடத்துக்கு அவள் போட்ட நிபந்தனைகள் மூன்று: படி இருக்கக் கூடாது, கூட்டம் இருக்கக் கூடாது, மேற்கே மறைப்பு இருக்கக் கூடாது. எங்கள் மொட்டை மாடி முதலிலேயே அடிபட்டுப் போனது.

எனக்குக் கவலையே இல்லை. இடத்தை மார்ச் மாதமே பிடித்துவிட்டேன். நாமக்கல்லில் என் நண்பர் சதாசிவம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையை ஒட்டி மேற்குப் பார்த்த பெரிய திடல், ஒரு மரம் கிடையாது, சமதரை. சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். சாலை வழுக்கிக்கொண்டு போகிறது. ஒன்பதேகாலுக்குள் போய்ச் சேர்ந்தோம்.

காரிலிருந்து இறங்கிப் பார்த்தேன். திடலைக் காணோம். அந்த இடத்தில் வரிசையாக லாரிகள் நின்றன. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டி, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு மதில் மாதிரி நின்றன. மேற்கே வானம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

“நாளைக்கு ஆடிப் பதினெட்டுங்களே, வண்டியெல்லாம் பூசைக்கு ஊட்டுக்கு வந்துருச்சுங்க,” என்றார் சதாசிவம், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

“அடுத்த வருஷம் இதே நாளில் எப்படி இருக்கும்?”

அவர் காலண்டரை மனத்தில் புரட்டினார். “அடுத்த வருசம் இன்னைக்கு ஆடி அமாவாசை, மக்காநாளு பதினெட்டு. ரெண்டும் சேந்து வருது. அன்னைக்கு ஓடற வண்டியே இருக்காதுங்க. இதைய விட ரெட்டிப்பா நிக்கும்.”

நான் வந்து பார்த்தது மார்ச் மாதத்து ஒரு சாதாரணப் புதன்கிழமை. வண்டிகளெல்லாம் குஜராத்திலும் ஒடிசாவிலும் ஓடிக்கொண்டிருந்த நேரம். லாரிக்காரர் ஊரில் ஆடி மாதத்து இடத்தை மார்ச்சில் பார்த்து முடிவு செய்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சரோஜா என் முகத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காரில் ஏறிக்கொண்டாள். அந்தப் பார்வைக்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

ஆனாலும் நான் அசரவில்லை. கையில் இன்னொரு இடம் இருந்தது. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி மோகனூர், காவிரிக்கரை. ஆறு என்றால் வெட்டவெளிதானே. போய்ப் பார்த்தால் மறுநாள் பெருக்குக்கு இன்றைக்கே தேங்காய், காதோலைக் கருகமணி, மஞ்சள் கயிறு என்று கடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையெல்லாம் மூங்கில் தட்டியும் கயிறும். இளநீர் ஐம்பது ரூபாய். வெட்டிக் கொடுத்தவரிடம் அடுத்த ஆடி அமாவாசையன்று சாயங்காலம் இங்கே நாற்காலி போட்டு உட்கார முடியுமா என்று கேட்டேன்.

“அமாவாசைக்கா? திதி குடுக்கறவங்க கூட்டம் காலைல வந்தா ராத்திரி வரைக்குமுங்க. அதுலயும் கிரகணம்னா, உட்டதும் தலை முழுகறதுக்குன்னே இன்னொரு கூட்டம் வரும். உங்களுக்கு நிக்கவே எடமிருக்காது, நாக்காலி எங்கீங்க போடறது?”

படித்துறையில் வேறு பத்துப் பதினைந்து படி. சரோஜா மேல் படியிலேயே நின்று ஆற்றைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

மதியம் நாமக்கல்லில் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ ஊர் திரும்பும்போது அவள் சொன்னாள், பெருக்குக்கு மஞ்சள் வாங்க வேண்டும், நாமகிரிப்பேட்டை மஞ்சளாகவே வாங்க வேண்டும் என்று. ராசிபுரத்திலிருந்து கிழக்கே பத்து கிலோமீட்டர். எனக்கு எரிச்சலாக வந்தது. சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது, ஓராண்டுக்கு ஒரே ஒரு ஒத்திகை நாள், அதில் மஞ்சள். “மஞ்சள் சூரமங்கலத்தில் கிடைக்காதா?” என்றேன்.

“கெடைக்கும். எடமுந்தான் நாமக்கல்லுல கெடைக்கும்னீங்க.”

குமரேசன் சாலையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே சிரித்தான்.

மஞ்சளை வாங்கிக்கொண்டு ஊரைத் தாண்டித் திரும்பும் வழியில், நான்கரை மணிக்கு, “நிறுத்து சாமி, நிறுத்து” என்றாள் சரோஜா. சாலையோரம் ஒரு ஜவ்வரிசி ஆலை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, மாவெடுத்து, ஜவ்வரிசியாக்கும் இடம். அதன் பின்னால் சிமெண்டுக் களங்கள், ஒன்றையடுத்து ஒன்றாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையாகக் கிடந்தன. ஒரே ஒரு களத்தில் மட்டும் வெள்ளையாக மாவு காய்ந்துகொண்டிருந்தது, நாலைந்து பெண்கள் பலகையால் அதைத் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, நாம காலைல இருந்து நெழலில்லாத எடந்தேடித்தான அலையறோம்? இவங்க நெழலே ஆகாதுன்னு எடம் பண்ணி வெச்சிருக்கறாங்க பாருங்க.”

எனக்கு உச்சந்தலையில் குட்டு விழுந்ததுபோல் இருந்தது. வெயிலை நம்பித் தொழில் செய்பவர்களிடம் போகாமல் லாரிக்காரரிடமும் ஆற்றிடமும் போயிருக்கிறேன். படி கிடையாது, கார் களத்தின் விளிம்புவரை போகிறது, மேற்கே வானம் அகலத் திறந்து கிடக்கிறது. போதமலைகூட வடக்கே ஒதுங்கி வழிவிட்டிருந்தது.

ஆலைக்காரர் பழனியப்பன், ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டியில் மாவுப் புழுதி. விஷயத்தைச் சொன்னேன். வெயில்பற்றிய பகுதியை ஆர்வமாகக் கேட்டார். “ஆறு மணி வரைக்கும் இந்தக் களத்துல நெழலு உழுவாதுங்க. உழுந்தா எங்க பொழப்பு என்னாகறது?” என்றார். கிரகணம் என்ற சொல் வந்ததும் முகம் மாறியது.

“அது மட்டும் ஆகாதுங்க. கிரகணத்தன்னைக்கு மாவுத் தொட்டிக்கெல்லாம் தர்ப்பையப் போட்டு மூடி, கேட்டைப் பூட்டிருவோம். எங்கப்பா காலத்துல இருந்து அப்பிடித்தான். நாளைக்கு ஒரு தொட்டி மாவு புளிச்சாலும், கிரகணத்துல ஆளை உட்டதுனாலதான்னு பேச்சு வருமுங்க.”

நான் பூமி, நிலா, நிழல் என்று ஆரம்பித்தேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டைப் பார்த்தார். இடம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இதைவிட்டால் சரோஜாவுக்கு வேறு இடமில்லை என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. என் கையில் மூன்றாவது இடம் ஒன்று கிடையாது.

சரோஜா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். “ஏனுங்க தம்பி, அன்னைக்கு அமாவாசை. களத்துல மாவு காயுமுங்களா?”

“காயாதுங்கக்கா. லீவுங்க.”

“அப்ப களத்துல திங்கற பொருளு ஒண்ணுமிருக்காது. வெறுஞ் சிமிட்டித் தரைதான? தொட்டியெல்லாம் அக்கட்டால, கூரைக்குள்ள இருக்குது. நான் தொட்டிப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டேன். இந்த மூலைல ஒரு நாக்காலி. அவ்வளவுதான். நானும் மூடின ஊட்டுக்குள்ளயே இருந்து இருந்து சலிச்சவ தம்பி.”

அவர் களத்து மூலையைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் பலகையோடு அருகே வந்துவிட்டார்கள். ஆலைக்காரரின் மனைவி தங்கமணி ஆபீஸ் அறையிலிருந்து இறங்கி வந்தார். சரோஜா கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “இதப் போட்டுட்டு அண்ணாந்து பாரு கண்ணு. வெறுங்கண்ணுல மட்டும் ஒருக்காலும் பாக்கப்படாது.”

தங்கமணி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “ஐயோ, இத்தனூண்டா? பப்பாளிப் பழமாட்ட இருக்குதுங்க!” என்றார். பிறகு கண்ணாடி கைமாறிக்கொண்டே போனது. நாள் முழுக்க வெயிலில் நிற்கும் அந்தப் பெண்கள் சூரியனை நேராகப் பார்த்ததே இல்லை. ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். கடைசியில் பழனியப்பனும் வாங்கிப் போட்டுக்கொண்டார். கழற்றும்போது மனைவியைத்தான் பார்த்தார்.

“தர்ப்பை போட்டு மூடறதுல மாத்தமில்லீங்க,” என்றார். “கேட்டும் பூட்டித்தான் இருக்கும். நீங்க வந்து ஹாரன் அடிங்க. தொறந்து உட்டுட்டு மறுக்காப் பூட்டிக்கறோம்.”

தங்கமணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். சரோஜா அதை மேற்கு நோக்கிச் சற்றுத் திருப்பி உட்கார்ந்தாள். ஐந்தேகால். அடுத்த ஆண்டு கிரகணம் ஏறத்தாழ உச்சத்தில் இருக்கும் நேரம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எதுவும் கடிக்காத சூரியன். அவள் முகத்தில் நான் கண்ட சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, எனக்கும் சந்தோஷமாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். சற்று நேரத்தில் தங்கமணி இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டார். எனக்கு என்று நினைத்து நான் நகர்ந்தேன்.

“இது எனக்குங்க,” என்றார் அவர்.

கிளம்பும்போது இரண்டு கண்ணாடியையும் சரோஜா அங்கேயே கொடுத்துவிட்டாள். என்னுடையதையும் சேர்த்துத்தான். நமக்கு வேறு வாங்கிக்கொள்ளலாமாம்.

ராசிபுரம் சாலையில் ஏறியபோது ஆடிக் காற்று மேற்கிலிருந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆறு மணிக்கெல்லாம் சூரியன் முழுதாக மறைந்துவிட்டது. நாள் முழுக்கத் தெம்பாக இருந்த எனக்கு அப்போதுதான் உள்ளே லேசாக ஆடியது. லாரியை விலக்கலாம், ஆலைக்காரரைப் பேசிச் சரிக்கட்டலாம். ஆடி மாதத்து மேகத்தை என்ன செய்வது? எங்கள் வீட்டிலிருந்தாலும் இதே மேகந்தானே என்று தோன்றியது.

“சரோஜா, அன்றைக்கும் இப்படி மூடிக்கொண்டால்?”

அவள் மஞ்சள் பொட்டலத்தை மடியில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

“மூடட்டுமுங்க. உள்ள உக்காந்துட்டுப் பாக்காம இருந்தது இத்தனை வருசம். வெளிய உக்காந்து பாக்காமப் போனா, அது வேற.”