பின்னுக்குப் போகாத மாப்பிள்ளைக் கார்

மோட்டர்ஹோம் வாடகைக்கு விடும் இடத்தில் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும், சனம் வீட்டை விட்டாலும் காரை விடாது என்று. எண்பதுகளில் மொன்றியலுக்கு அகதியாக வந்து இறங்கிய எனக்குக் கிடைத்த வேலை அது. படுக்கை, குசினி, கக்கூஸ் எல்லாம் வைத்த அந்த வாகனங்களைக் கழுவ வேண்டும். கேட்பவர்களின் காரை, இழுத்துக்கொண்டு போக, அவற்றின் பின்னால் கொளுவிவிட வேண்டும். வாடிக்கையாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிப் பிழைத்தவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

கையால் இழுத்த வினை

புளோரிடாவுக்குப் புறப்பட்ட ஒரு தம்பதியின் காரைக் கொளுவி, ஹாண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு வந்தேன். நான் அங்கால் போனதும் அந்த அம்மா அதை மறுபடி இழுத்துவிட்டிருக்கிறார். எல்லையைத் தாண்டுமுன்பே பின் ரயர் இரண்டும் கருகிப்போயின. பழி என் தலையில் விழுந்தது. இன்னொரு கார் பழுதானால் வேலை இல்லை என்றார் முதலாளி. கொழும்பில் நின்ற என் மனுசியைக் கனடாவுக்குக் கூப்பிட எனக்கு இருந்த ஒரே பிடி அந்த வேலைதான். பிரேக்கை இழுத்த அம்மா மட்டும் அசையவில்லை:

“நிற்காத காரை நம்பி எப்படிப் பயணம் போவது?”

பிரிக்காத படுக்கை

அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே புத்திமதிதான்: “காரை இழுக்காதீர்கள், போன இடத்தில் வாடகைக்கு எடுங்கள்.” கர்க்லாண்டில் இருந்து வந்த ஒரு கனவான் அதைக் கேட்டு நடந்தார். போன இடத்தில் கார் எடுத்தார், அதிலேயே ஊர் சுற்றினார், அதிலேயே போய் ஹோட்டலிலும் படுத்தார். மோட்டர்ஹோம் படுக்கை பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் திரும்பி வந்தது. என்னைக் கூப்பிட்டுப் பேசினார்:

“கார் மட்டும் போதும் என்று நீ ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

ஒற்றைத் தும்மல்

பிறகு வந்தார் எங்கள் செல்லத்துரை அண்ணை. அவருடைய தம்பிக்கு ரொறன்ரோவில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மோட்டர்ஹோமில், பின்னால் ஒரு வெள்ளைக் கார்.

“அங்கை ஒரு கார் வாடகைக்கு எடுங்கோவன் அண்ணை.”

“என்ன கதை கதைக்கிறாய்? மாப்பிள்ளை வாடகைக் காரிலையோ வந்து இறங்குறது?”

கார் சிநேகிதனிடம் இரவல் வாங்கியது. அதில் அவருக்கு மானக்கேடு எதுவும் தெரியவில்லை. கொளுவியபின் பின்னுக்கு எடுக்கவே கூடாது, எடுத்தால் முறியும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். “ஓம், ஓம்” என்றார்.

நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டார்கள். வாசலில் நின்று கையசைத்த முதலாளி, தடிமன் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர், ஒரேயொரு தரம் தும்மினார். புறப்படும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் எங்கள் ஆட்கள் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். இரட்டைத் தும்மல் என்றால் பாதகமில்லை. உள்ளிருந்த பெண்கள் ஒரே குரலில் கத்த, அண்ணை பின்னுக்கு எடுத்தார். நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். அதற்குள் கார் குறுக்கே மடங்கி, முன்பக்கம் பிய்ந்து தொங்கியது.

முதலாளி காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய தும்மலால் வந்தது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் விளக்கினேன். அதோடு வேலை போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணை தண்ணீரைக் குடித்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“உன்ரை முதலாளிக்கு இன்னொருக்காத் தும்மினால் என்ன குறைஞ்சு போகும்?”

மாப்பிள்ளை வாடகைக் காரில் போய் இறங்கி நேரத்துக்குத் தாலி கட்டிவிட்டார். என் மனுசிதான், ஒரு தும்மல் குறைந்ததால், இன்னும் ஒரு வருசம் கொழும்பில் காத்திருந்தாள்.