எல்லோரும் ஒதுங்கினார்கள்

எழுபதுகளில் ஒரு மே மாதம். அப்போது நான் பெருமாள்மலையில் டீச்சர். வீட்டுக்காரர் மதுரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எங்கள் ஐந்து வயது மகளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம். கம்பவுண்டர் அவள் வாயைத் திறந்து பார்த்தார்.

"தொண்டை அடைப்பான் டீச்சர். இங்க மருந்தில்ல. வெரசா கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க."

மளிகைக்கடை பாய் தன் ஜீப்பை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். செண்பகனூருக்குக் கீழேயே வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மேலே ஏதோ ஒரு வளைவில் கேரட் லாரி அச்சு முறிந்து பாதி ரோட்டை அடைத்துக் கிடக்கிறதாம். சீசன் கூட்டம் வேறு. எங்கள் ரோட்டில் நோயாளி வண்டி வந்தால் டிரைவர்கள் வண்டிக்கு வண்டி வாயாலேயே சேதி அனுப்புவார்கள். பாய் முன்னால் நின்ற வேன்காரரிடம் ஓடினார்.

"புள்ளைக்கு மூச்சு முட்டுது. ஒதுங்கச் சொல்லி மேல சொல்லி விடுங்க!"

"ஏலே, ஒதுங்குங்கலே! புள்ள வருது!" அந்தக் குரல் வளைவுக்கு வளைவு மேலே ஏறிப் போனதைக் கேட்டேன். அப்பாடா என்றிருந்தது.

எல்லோரும் ஒதுங்கினார்கள். வினையே அதில்தான் வந்தது. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று ஒருவரும் சொல்லவில்லை. இடப்பக்கம் வாய்க்கால் இருந்தவர் வலப்பக்கம் பள்ளத்துச் சுவரோரம் போனார். அவருக்கு முன்னால் நின்றவருக்கு இடப்பக்கமே தோதாக இருந்தது. வளைவுக்கு அப்பால் மற்றவர் என்ன செய்கிறார் என்று யாருக்குத் தெரியும்? அவரவர் கண்ணுக்குத் தெரிந்த துண்டு ரோட்டைப் பார்த்து நல்ல மனசோடு ஒதுங்கினார்கள். இரண்டு வளைவு தாண்டியதும் ஜீப்புக்கு முன்னால் வண்டிகள் இடமும் வலமுமாகக் கோத்துக்கொண்டு நின்றன. பின்னாலும் போக முடியவில்லை.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"பாவிகளா, வழி விடுங்களேன்!"

பஸ் டிரைவர் ஒருவர் பதறி இறங்கினார். "தாயி, நான் அப்பவே ஒதுங்கிட்டேன். மேல உள்ளவந்தான் அடைச்சுக்கிட்டுக் கெடக்கான்." அடுத்த லாரிக்காரரும் மேலேதான் கையைக் காட்டினார். அதற்கடுத்தவரும் அப்படியே. நெஞ்சு வெடிக்க ஏறினேன்.

ஒரு வளைவில் அந்தக் கீச்சுச் சத்தம் நின்றது. அடைப்பு விட்டுப்போச்சு என்று நான் சந்தோஷப்பட்டேன். ஐயோ, சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு அந்த டிரைவர்களில் பலர் வந்திருந்தார்கள். தான் ஒதுங்கியதை ஒவ்வொருவரும் அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்கள். உண்மைதான், யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு படுபாவியாவது ஒதுங்காமல் நின்றிருக்கக் கூடாதா? மண்ணை வாரித் தூற்ற எனக்கு ஓர் ஆளாவது கிடைத்திருப்பான்.