உறையாத தயிரும் என் காலடி மண்ணும்

மாட்டுக்கு ஊசி போடுகிறவரை ஊர் கதிரை போட்டு உட்காரவைக்கும். அந்த மாட்டின் பாலைக் குடிக்காதே என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் என்ன பாடு என்று, என்னைப் போல ஊராரின் சாப்பாட்டில் குறை கண்டு பிழைப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் மாட்டு வைத்தியத்தோடு பாலையும் தயிரையும் பரிசோதிக்கும் அந்த வேலையை முதலில் தொடங்கிய பாவி நான்தான்.

ஐந்து நாள்

பழுகாமத்தில் கணவதி அண்ணரின் எருமைக்கு மடி வீங்கியிருந்தது. ஊசி போட்டுவிட்டு, "மருந்து பாலில் இறங்கும். ஐந்து நாளைக்கு விற்கவும் கூடாது, நீங்கள் குடிக்கவும் கூடாது" என்றேன். பலமாகத் தலையாட்டினார்.

மறுநாள் என் மிருக வைத்தியக் கந்தோர் மேசையில் ஒரு போத்தல் பாலை வைத்தார். முகத்தில் அப்படியொரு பெருந்தன்மை.

"விக்கவும் இல்ல, நாங்க குடிக்கவும் இல்ல டொக்டர். வீணா ஊத்தாம உங்களுக்குக் கொண்டந்தன்."

நாவூறு

மிச்சப் பால் எங்கே போனது என்று கேட்காதது என் மடத்தனம். களுதாவளையில் தயிர் போட்டு விற்கும் தன் மனைவியின் தங்கை பூமணிக்கு அதைச் சும்மா கொடுத்திருக்கிறார். சும்மா கொடுத்தால் விற்றதாகாதே!

அதே நாள் நான் பூமணி அக்காவின் கொட்டிலைப் பரிசோதிக்கப் போய், "தயிர் நல்லா இருக்கு" என்று வாய்விட்டுப் புகழ்ந்திருந்தேன். அடுத்த இரண்டு நாளும் ஒரு சட்டி தயிர்கூட உறையவில்லை. கடைக்காரர்கள் வேறிடம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது. நான் புகழ்ந்ததால் நாவூறு பட்டுவிட்டதென்று, அதைச் சுற்றிக் கழிக்க உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துக்கொண்டு நேரே என் கந்தோருக்கு வந்துவிட்டார்.

"சப்பாத்தக் கழட்டிப்போட்டு வெளிய வந்து நில்லுங்க டொக்டர். உங்கட காலடி மண் கொஞ்சம் வேணும்."

இரண்டு சட்டி

மண்ணைக் கொடுத்துவிட்டு, பால் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். கணவதி அண்ணரின் பாலை மற்றப் பாலோடு கலந்தே எல்லாச் சட்டிக்கும் ஊற்றியிருக்கிறார் என்று கேட்டதும் வெட்கமாகிவிட்டது. அந்த மருந்து தயிரை உறையவிடாது என்பதை நான் யாருக்குமே சொல்லவில்லை. அன்று பின்னேரம் கணவதி அண்ணரின் பாலை ஒரு சட்டியிலும், வேறு எருமைப் பாலை இன்னொன்றிலும் ஊற்றி, ஒரே உறையைப் போட்டோம். அக்கா இரண்டு சட்டிக்கும் சரிசமமாக உப்பு சுற்றினார். விடிந்து பார்த்தால் ஒன்று கட்டித் தயிர், மற்றது தண்ணீர்.

அதன்பின் யார் பால் கொண்டுவந்தாலும், முதலில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் உறை போட்டுப் பார்ப்பார். உறையாவிட்டால் அந்த ஆளின் பால் கொட்டிலுக்குள் வராது. கடைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். நான் நிம்மதியாக மூச்சுவிட்டபோது அக்கா சொன்னார்:

"ஊசியால வந்ததெண்டு விளங்கிட்டு டொக்டர். எண்டாலும் நீங்க இனி என்ட தயிரப் பாத்து ஒண்டும் சொல்லிப்போடாதீங்க."

பட்டம் வாங்கி, சட்டம் படித்து, மேலிடத்துக்குக் கடிதம் எழுதி நான் கொண்டுவர முடியாத உணவுப் பாதுகாப்பை ஒரு சிரட்டை கொண்டுவந்துவிட்டது என்பதை என் வருடாந்த அறிக்கையில் எந்தப் பகுதியில் எழுதுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.