வாட்ச் மேல் பழி போட்டேன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். மாரத்தானுக்குப் பேர் கொடுத்திருந்ததால், நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் மீஞ்சூர் வந்து இறங்கியதும் தூங்காமல் ஓடப் போய்விடுவேன். கால் கனத்தாலும் விடமாட்டேன்.

தூங்கி எழுந்ததும் வாட்ச்சில் நாடித்துடிப்பு பார்ப்பேன். எப்போதும் அறுபதுக்குள் இருக்கும். அது எழுபத்தைந்தைத் தாண்டியது, அப்புறம் இறங்கவே இல்லை. மலிவு வாட்ச் கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே ஓடினேன்.

என் மனைவி அதை வாங்கித் தன் கையில் கட்டிப் பார்த்தாள். "என் கையில நல்லாத்தான்யா காட்டுது. உன் கையில கட்னாதான் பேஜாரு பண்ணுது" என்றாள். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் வேலைக்குக் கிளம்பினேன்.

அன்று ஷிப்டில் கிரேன் கம்பிக்கட்டைத் தூக்கி வரும்போது எனக்குக் கண் இருட்டியது. கூட வேலை செய்பவர் என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கட்டு என் மேல்தான் இடித்திருக்கும்.

டாக்டர் சோதித்துவிட்டு, "வேற ஒண்ணுமில்ல. தூக்கமில்லாம இவ்ளோ ஓடினா ஒடம்பு தாங்காது. ஓட்டத்தை நிறுத்திட்டுத் தூங்குங்க" என்றார்.

இப்போதெல்லாம் எழுந்ததும் துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்கு ஷூவைத் தொடுவதில்லை. மாரத்தான் நடந்த காலையிலும் தொடவில்லை. நன்றாகத் தூங்கினேன்.